காசு அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை: கிரிப்டோ நெரிசல் பற்றிக் கல்லடிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். உடைந்த திரை, சார்ஜ் ஏறாத போன் என்றுதான் முன்பு ஆட்கள் வந்தார்கள். நாலைந்து வருடமாக இன்னொரு கூட்டமும் வருகிறது. வெளிநாட்டுக்காரனுக்கு லோகோ வரைந்து கொடுத்துவிட்டு பிட்கொயினில் கூலி வாங்கும் தம்பிமார், கட்டாரில் இருக்கும் மகன் யூஎஸ்டிடி (டொலர் பெறுமதியில் நிற்கும் கிரிப்டோ நாணயம்) அனுப்பினான் என்று போனைக் கையில் பிடித்தபடி வரும் அம்மாமார். போனில் ஒரு பிழையும் இருக்காது. திரையில் ‘பெண்டிங்’ என்று ஒரு சொல் மட்டும் நிற்கும். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். எதை வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று இதில் ஒரு வரியும் கிடையாது. அது எனக்குத் தெரிந்த தொழில் இல்லை.

“அண்ணன், அனுப்பி மூணு மணித்தியாலம் ஆகுது, இன்னும் பெண்டிங்தான். காசு போய்ட்டுதா?”

பெரும்பாலும் போயிருக்காது. பதறி இன்னொரு தடவை அனுப்பாதீர்கள். முதலில் டிஎக்ஸ் ஐடி என்பதைத் தேடி எடுங்கள். வொலட்டில், அதாவது கிரிப்டோவை வைத்து அனுப்பும் செயலியில், அந்த அனுப்புதலைத் தொட்டால் எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான ஒரு கோவை வரும். பிட்கொயினில் அது 64 எழுத்து. அதைப் பிரதி எடுத்து, பிட்கொயின் என்றால் மெம்பூல் ஸ்பேஸ், ஈதரியம் என்றால் ஈதர்ஸ்கேன், ட்ரொன் என்றால் ட்ரொன்ஸ்கேன் தளத்தில் ஒட்டிப் பாருங்கள். பதிவு செய்யத் தேவையில்லை, கடவுச்சொல்லும் வேண்டாம். உலகத்தில் யாரும் யாருடைய அனுப்புதலையும் அங்கே பார்க்கலாம்.

அங்கே மூன்றில் ஒன்றைக் காண்பீர்கள். ‘உறுதியாகவில்லை’ என்று வந்தால் உங்கள் அனுப்புதல் வரிசையில் நிற்கிறது, அதுதான் உண்மையான நெரிசல். ‘உறுதியானது’ என்று வந்தால் சங்கிலியை, அதாவது அனுப்புதல்கள் பதிவாகும் பொதுப் பதிவேட்டை, பொறுத்தவரை வேலை முடிந்தது, தாமதம் வாங்குபவரின் பக்கம். ‘அப்படி ஒன்றே இல்லை’ என்று வந்தால் அனுப்பியதாகச் சொன்னவர் இன்னும் அனுப்பவில்லை, அல்லது நீங்கள் வேறு சங்கிலியின் தளத்தில் தேடுகிறீர்கள். ஒருநாள் ஏறாவூரிலிருந்து வந்த ஒரு நானா ட்ரொன் கோவையை ஈதர்ஸ்கேனில் ஒட்டிவிட்டு அரை மணித்தியாலம் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்.

“நெரிசல் எண்டா என்ன? இன்டர்நெட் ஸ்லோவா?”

உங்கள் இன்டர்நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மண்டூர்த் திருவிழா நாளில் குருமண்வெளித் துறையில் பாதைக்காக, அதாவது வாவியைக் கடக்கும் படகுக்காக, நின்றிருக்கிறீர்களா? பாதை ஒன்றுதான். அதில் ஏறக்கூடிய பாரத்துக்கு அளவு உண்டு. சாதாரண நாளில் வந்தவுடன் ஏறலாம். திருவிழா என்றால் கரையில் சனம் நிரம்பிவிடும்.

பிட்கொயினில் அந்தப் பாதைதான் பிளொக். சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்று புறப்படும். 2017 ஓகஸ்ட் வரை ஒரு பிளொக்குக்கு 1 மெகாபைட் என்ற எல்லை இருந்தது. அதன்பின் வந்த செக்விட் மாற்றத்தால் கணக்குக் கொஞ்சம் தளர்ந்தது, ஆனாலும் எல்லை எல்லைதான். கரையில் காத்திருக்கும் கூட்டத்துக்கு மெம்பூல் என்று பெயர். அது ஒரே இடத்தில் இருக்கும் வரிசை அல்ல, உலகமெங்கும் ஓடும் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒவ்வொன்றும் தன்னிடம் வைத்திருக்கும் பட்டியல். ஆகவே ஒரு தளத்தில் தெரிவது இன்னொன்றில் தெரியாமலும் போகலாம்.

இனி நம்மூர்ப் பாதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம். குருமண்வெளியில் கூடக் காசு நீட்டி யாரும் முன்னால் ஏற முடியாது, நீட்டினால் சனம் சும்மா விடாது. பிட்கொயினில் அதுதான் விதியே. பிளொக் கட்டுகிற மைனர் அதிகக் கட்டணம் வைத்தவரைத்தான் முதலில் ஏற்றுவார். முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற பேச்சே கிடையாது. நீங்கள் காலையிலிருந்து நிற்கலாம், மாலை வந்தவர் ஏறிப் போய்விடுவார்.

“பத்து நிமிசம் எண்டாங்க. நான் பார்த்துக்கொண்டே இருக்கன், அம்பது நிமிசமா ஒரு பிளொக்கும் வரல்ல.”

பத்து நிமிடம் என்பது சராசரி, நேர அட்டவணை அல்ல. மைனர்கள் செய்வது தாயக்கட்டை உருட்டுவது போன்ற வேலை. விழுந்தால் உடனே விழும், விழாவிட்டால் விழாது. கணக்குப்படி இருபதில் ஒரு பிளொக்குக்கு 30 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 144 பிளொக் என்பதால், தினமும் சராசரியாக ஏழு தடவை அப்படி நடக்கும். ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும் இடைவெளிகூட மூன்று நாளைக்கு ஒருமுறை வரும்.

இதில் ஆட்களுக்கு விளங்கச் சிரமமான இடம் ஒன்று உண்டு. 50 நிமிடம் காத்திருந்துவிட்டீர்கள் என்பதற்காக அடுத்தது சீக்கிரம் வந்துவிடாது. அந்த நிமிடத்திலிருந்தும் சராசரி 10 நிமிடம்தான். தாயக்கட்டைக்கு முந்தைய உருட்டல் ஞாபகம் இருக்காது.

மைனர்கள் கூடினால் அல்லது குறைந்தால் 2016 பிளொக்குக்கு ஒருமுறை, ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பிளொக் கண்டுபிடிக்கும் கடினத்தை வலைப்பின்னல் தானே சரிசெய்துகொள்ளும். 2021இல் சீனா மைனிங்கைத் தடுத்தபோது கணினிகள் கும்பலாக நின்றுபோய் பிளொக்குகள் இழுபட்டன. அந்த ஜூலை தொடக்கத்தில் கடினம் ஏறத்தாழ 28 சதவீதம் இறங்கிய பிறகுதான் வேகம் வழமைக்கு வந்தது.

“நான் அஞ்சு இலட்சம் அனுப்பினன், அவன் அஞ்சாயிரம். ரெண்டு பேரும் ஒரே கட்டணம் வெச்சம். அவன்ட மட்டும் எப்பிடி முதல்ல போகும்?”

பாதையில் உங்கள் சட்டைப்பையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மூட்டையோடு வந்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். பிட்கொயினிலும் கட்டணம் தொகைக்கு இல்லை, இடத்துக்கு. ‘ஒரு வீபைட்டுக்கு இத்தனை சடோஷி’ என்று எழுதுவார்கள். பிளொக்கில் பிடிக்கும் இடத்தின் அளவுதான் வீபைட். ஒரு பிட்கொயினில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் சடோஷி. சாதாரணமாக ஓர் இடத்திலிருந்து எடுத்து ஒருவருக்கு அனுப்பி மிச்சத்தைத் திரும்ப எடுக்கும் செக்விட் அனுப்புதல் ஒன்று 141 வீபைட் அளவு இருக்கும். பழைய வகை முகவரி, அதாவது 1 என்ற இலக்கத்தில் தொடங்குவது, என்றால் 226 வரை போகும். ஒரே கட்டணத்தைப் பெரிய மூட்டைக்கு வைத்தவர் பின்னால் நிற்பார்.

“எனக்கு வொலட்ல காசு இருக்கு, ஆனா அனுப்பப் போனா கட்டணம் மட்டும் மலை மாதிரிக் காட்டுது. ஏன்?”

லோகோ வரையும் தம்பிமாரின் கேள்வி இது. ஆரையம்பதித் தம்பி ஒருவர் ஒரு வருடமாகச் சின்னச் சின்ன வேலைக்கு 40 தடவை கூலி வாங்கியிருந்தார். வொலட் அதைக் கூட்டி ஒரு தொகையாகக் காட்டுகிறது. உள்ளே அது ஒரு தொகை அல்ல, 40 தனித்தனிச் சில்லறை. கோயில் உண்டியலை உடைத்த மாதிரி. மொத்தத்தையும் ஒருவருக்கு அனுப்பப் போனால் 40 சில்லறைக்கும் தனித்தனியாகக் கையொப்பம் வேண்டும். ஒவ்வொன்றும் 68 வீபைட். மொத்தம் 2,760 அளவில் வந்து நிற்கும்.

நெரிசல் நாளில் வீபைட்டுக்கு 50 சடோஷி என்றால் கட்டணம் மட்டும் 1,38,000 சடோஷி. அதே வேலையை வெறிச்சோடிய ஒரு ஞாயிறு காலை 2 சடோஷி விலையில் செய்திருந்தால் 5,520. ஆகவே கரையில் சனம் இல்லாத நாளில் எல்லாச் சில்லறையையும் உங்கள் சொந்த முகவரிக்கே ஒரே தடவையில் அனுப்பி ஒன்றாக்கி வைத்துவிடுங்கள். அவசரம் வரும்போது ஒரு மூட்டையோடு ஏறலாம். (இதில் ஒரு குறையும் உண்டு. சில்லறையை ஒன்றாக்கும்போது அந்த 40 கூலியும் ஒரே ஆளுடையது என்று பார்ப்பவருக்கெல்லாம் தெரிந்துவிடும். அந்தத் தம்பிக்கு அது பிரச்சினை இல்லை.)

“முந்தி இப்பிடி நடந்திருக்கா, இல்லாட்டி இப்பத்தான் பழுதாகுதா?”

அடிக்கடி நடந்திருக்கிறது. 2017 டிசம்பரில் விலை உச்சிக்குப் போனபோது ஓர் அனுப்புதலின் சராசரிக் கட்டணம் 50 டொலரைத் தாண்டியது. அதே மாதம் ஈதரியத்தை அடைத்தது என்ன தெரியுமா? கிரிப்டோகிட்டீஸ் என்ற பூனை வளர்க்கும் விளையாட்டு. படத்துப் பூனையை வாங்கி விற்கிறவர்களுக்குப் பின்னால் உண்மையான காசு அனுப்பியவர்கள் நின்றார்கள்.

2023 மே மாதம் பிட்கொயின் மேலேயே புதுவகை டோக்கன்களைப் பதிக்கத் தொடங்கி இலட்சக்கணக்கான அனுப்புதல்கள் கரையில் தேங்கின. உலகின் மிகப் பெரிய எக்ஸ்சேஞ்சான (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) பைனான்ஸ், பிட்கொயின் வெளியே எடுப்பதை ஒரே நாளுக்குள் இரண்டு தடவை நிறுத்திவைத்தது. பிறகு 2024 ஏப்ரல் 20, நமக்கு விடியற்காலை. மைனர் கூலி பாதியாகும் 8,40,000ஆவது பிளொக் வந்தது. புதிதாக உருவான பிட்கொயின் 3.125 மட்டும், ஆனால் அந்த ஒரு பிளொக்கில் ஏற ஆட்கள் போட்டிபோட்டுக் கொடுத்த கட்டணம் 37 பிட்கொயினுக்கு மேல். அன்று சராசரிக் கட்டணம் 100 டொலரைக் கடந்தது. என் கடைக்கு அன்று வந்த ஒருவர் 60 டொலர் அனுப்ப நினைத்திருந்தார். நாளைக்கு வாருங்கள் என்று பிளேன் டீ கொடுத்து அனுப்பினேன்.

“மாட்டிக்கிட்டு. இப்ப என்ன செய்யலாம்?”

முதல் வழி பேசாமல் இருப்பது. அவசரமில்லை என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. சனம் கலைந்ததும் உங்கள் முறை வரும்.

இரண்டாவது வழி, அனுப்பியவர் நீங்கள் என்றால் கட்டணத்தைக் கூட்டுவது. வொலட்டில் ‘ஸ்பீட் அப்’ அல்லது ‘பம்ப் ஃபீ’ என்று பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அதே காசை, அதே ஆளுக்கு, கூடிய கட்டணத்தோடு மறுபடி எழுதிக் கரைக்கு அனுப்பும். இரண்டும் ஒரே சில்லறையைச் செலவழிப்பதால் ஒன்றுதான் ஏறும். இரண்டு தடவை காசு போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் டிஎக்ஸ் ஐடி மாறிவிடும், வாங்குபவருக்குப் புதியதைச் சொல்லிவிடுங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பியது என்றால் இந்தப் பொத்தான் உங்கள் கையில் இருக்காது.

மூன்றாவது வழி, வாங்குபவர் நீங்கள் என்றால். இது அழகான தந்திரம், அதனால் கணக்கோடு சொல்கிறேன். உங்களுக்கு வரவேண்டியது 141 வீபைட், அனுப்பியவர் வீபைட்டுக்கு 3 சடோஷிதான் வைத்திருக்கிறார், மொத்தம் 423. இன்று ஏற 20 வேண்டும். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றால், இன்னும் வந்து சேராத அந்தக் காசையே எடுத்து உங்கள் இன்னொரு முகவரிக்கு அனுப்புகிறீர்கள். அந்தப் பிள்ளை 110 வீபைட். தாய் ஏறாமல் பிள்ளை ஏற முடியாது என்பது விதி. மைனர் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்: 251 வீபைட், 20 வீதம் 5,020 சடோஷி வேண்டும். தாய் கொடுத்த 423 போக மீதி 4,597ஐப் பிள்ளையின் கட்டணமாக வைத்துவிட்டால் தாயும் பிள்ளையும் ஒரே பாதையில் வருவார்கள். உறுதியாகாத காசைச் செலவழிக்க எல்லா வொலட்டும் விடாது. இலெக்ட்ரம், ஸ்பாரோ போன்றவை விடும்.

“ஒருத்தரும் ஏத்தாமலே விட்டா?”

பிட்கொயின் கோர் என்ற மென்பொருளை வழமையான அமைப்பில் ஓட்டும் கணினி 14 நாளைக்குப் பிறகு உங்கள் அனுப்புதலை மறந்துவிடும். அதன் பட்டியல் 300 மெகாபைட் நிரம்பினால் குறைந்த கட்டணக்காரரை அதற்கு முன்பே இறக்கிவிடும். இறக்கிவிட்டால் காசு திரும்பி வருமா என்று கேட்பார்கள். காசு உங்களை விட்டுப் போகவே இல்லை, ஆகவே திரும்பி வரவும் ஒன்றும் இல்லை. வொலட்டில் பழைய மீதி மறுபடி தெரியும். ஒரு கவனம்: பழையதை யாரும் மறுபடி கரைக்குக் கொண்டுவரலாம். புதிதாக அனுப்பும்போது அதே சில்லறையைத்தான் செலவழியுங்கள், அப்போது பழையது தானாகச் செத்துவிடும்.

“ஈதரியத்தில ஒண்ணு மாட்டினதுக்குப் பிறகு, மற்ற ஒண்டும் போகுதில்லையே?”

ஈதரியம் ஒவ்வொரு கணக்கின் அனுப்புதலுக்கும் வரிசை எண் போடும். 7ஆம் எண் போகாமல் 8 போகாது, 8 போகாமல் 9 போகாது. குறைந்த கட்டணத்தில் 7 நின்றுவிட்டால் பின்னால் நீங்கள் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் ஒன்றும் அசையாது. கல்லடிப் பழைய பாலத்தில் நடுவில் ஒரு லொறி நின்றுபோனால் எப்படி இருந்தது என்று 2013க்கு முன் அதில் போய்வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வழி: அதே 7ஆம் எண்ணில், உங்களுக்கே பூச்சிய ஈதர் அனுப்புங்கள், குறைந்தது 10 சதவீதமாவது கூடிய கட்டணத்தோடு. வொலட்டில் ‘கேன்சல்’ என்று இருப்பது உள்ளே செய்வது இதைத்தான்.

இங்கே இன்னொரு கொடுமையும் உண்டு. பிட்கொயினில் ஏறாத அனுப்புதலுக்குக் கட்டணம் போகாது. ஈதரியத்தில் ஏறி, நடுவில் தோற்றுப்போனால், வேலை நடக்காவிட்டாலும் காஸ் கட்டணம் போய்விடும். கணினிகள் கணக்குப் பார்த்த கூலி அது, திரும்பக் கிடைக்காது.

“நாங்க பிட்கொயின் பாவிக்கிறல்ல, யூஎஸ்டிடிதான். அதிலயும் நெரிசல் வருமா?”

என் கவுண்டருக்கு வருவதில் முக்கால்வாசி இதுதான், அதிலும் ட்ரொன் வழியாக. ட்ரொனில் 3 விநாடிக்கு ஒரு பிளொக். பொதுவாக ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் ட்ரொன் யூஎஸ்டிடி ‘நெரிசலால்’ இரண்டு நாள் நிற்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிடும்.

ட்ரொனில் உண்மையாக வரும் தொல்லை வேறு. யூஎஸ்டிடி அனுப்ப ‘எனர்ஜி’ வேண்டும், அது இல்லாவிட்டால் ட்ரொனின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸ் கட்டணமாக எரியும். வாங்குபவரின் முகவரியில் முன்பு யூஎஸ்டிடி இருந்ததே இல்லை என்றால் ஏறத்தாழ இரண்டு மடங்கு எரியும். வொலட்டில் டிஆர்எக்ஸ் போதாமல் அனுப்பினால் தோல்வி, எரிந்தது எரிந்ததுதான். கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய யூஎஸ்டிடி வந்து இருக்கிறது, ஆனால் அசைக்க முடியவில்லை என்று கல்முனையிலிருந்து வந்த அம்மாவின் வொலட்டில் 300 யூஎஸ்டிடி இருந்தது, டிஆர்எக்ஸ் பூச்சியம். வண்டி நிறையச் சாமான், தாங்கியில் எண்ணெய் இல்லை.

“சங்கிலியில உறுதியாகிட்டு. ஆனா எக்ஸ்சேஞ்ச் கணக்கில காட்டல்ல.”

உங்கள் அனுப்புதல் ஏறிய பிளொக்கும் அதன்மேல் வரும் ஒவ்வொரு பிளொக்கும் ஓர் உறுதிப்படுத்தல். எத்தனை உறுதிப்படுத்தல் வேண்டும் என்பதை ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் தானே தீர்மானிக்கும். அது நிரம்பும்வரை பொறுங்கள். நிரம்பியும் வராவிட்டால் டிஎக்ஸ் ஐடியோடு அவர்களுக்கு எழுதுங்கள். எழுத முன் சரியான சங்கிலியில் அனுப்பினீர்களா என்று பாருங்கள்.

“‘நெட்வேர்க் நெரிசல், இன்னும் கொஞ்சம் கட்டினா உடனே வரும்’ எண்டு சொல்றாங்க. கட்டவா?”

கட்டாதீர்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் அக்கா மகளோடு வந்தார். டெலிகிராமில் யாரோ அறிமுகப்படுத்திய ஒரு செயலியில் காசு போட்டிருக்கிறார். அடகு வைத்த வளையல் காசு. செயலியில் மீதி 4,120 டொலர் என்று பச்சை எழுத்தில் மினுங்குகிறது. எடுக்கப் போனால் ‘பெண்டிங்’. கஸ்டமர் கெயார் என்று ஒரு டெலிகிராம் கணக்கு, நெரிசல் காரணமாக 72 மணித்தியாலம் ஆகும், 280 டொலர் காஸ் கட்டினால் முன்னுக்கு எடுப்போம் என்கிறது. அக்கா கட்டத் தயார். எந்த வழியால் கட்டுவது என்று கேட்கத்தான் என்னிடம் வந்தார்.

அவருடைய போனை வாங்கி ஒரே ஒரு வரி எழுதினேன்: டிஎக்ஸ் ஐடியை அனுப்புங்கள். பதிலுக்கு ஒரு ஸ்கிரீன் ஷொட் வந்தது. படம் வேண்டாம், கோவையை அனுப்புங்கள் என்றேன். பத்து நிமிடம் பேச்சில்லை. பிறகு 64 எழுத்தில் ஒரு கோவை வந்தது. அக்காவின் முகம் மலர்ந்தது. தேடிப் பார்த்தால் உண்மையான அனுப்புதல்தான், ஆனால் எட்டு மாதத்துக்கு முந்தியது. தொகை வேறு. போய்ச் சேர்ந்த முகவரியும் அக்காவுடையது இல்லை. யாரோ எவருக்கோ அனுப்பியதைச் சங்கிலியிலிருந்து பொறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், கோவை வந்தால் மட்டும் போதாது. திகதி, தொகை, சேரும் முகவரி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

உண்மையான நெரிசல் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் நடக்கிறது. கரையில் நிற்கும் அனுப்புதலை யாரும் போய்ப் பார்க்கலாம். கோவை இல்லை என்றால் அனுப்புதல் இல்லை, அனுப்புதல் இல்லாமல் நெரிசலில் எது மாட்டும்? தவிர, வரிசையில் நிற்கும் அனுப்புதலின் கட்டணம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதைக் கூட்ட மூன்றாம் ஆளின் கணக்குக்குக் காசு போடச் சொல்லும் ஏற்பாடு எந்தச் சங்கிலியின் விதியிலும் கிடையாது.

அக்கா அந்த 280ஐக் கட்டவில்லை. போட்டது போட்டதுதான். பொலிஸில் முறைப்பாடு கொடுக்க அந்த உரையாடல் முழுவதையும் அழிக்காமல் பிரதி எடுத்துக் கொடுத்தேன். இதைப் படிக்கிறவர்களும் கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். இன்னொன்று: ஏமாந்த பிறகு ‘உங்கள் காசை மீட்டுத் தருகிறோம்’ என்று வருகிறவர்கள் பெரும்பாலும் அதே கூட்டம்.

“காசு குடுத்தா வேகமாக்குற ‘எக்ஸலரேட்டர்’ எண்டு சில தளம் இருக்கே, அதுவுமா பொய்?”

பிளொக் கட்டும் மைனர்களோடு தொடர்புள்ள சில உண்மையானவை உண்டு. பெயரை மட்டும் ஒட்டவைத்த பொய்யும் நிறைய. மேலே சொன்ன வழிகளால் முடியாவிட்டால் மட்டும் யோசியுங்கள். வொலட்டின் திறப்பான பன்னிரண்டு சொல்லைக் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அந்த நிமிடமே மூடிவிடுங்கள்.

“நான் சாமான் விக்கிறவன். திரையில பிட்கொயின் வந்த மாதிரிக் காட்டினா சாமானைக் குடுக்கலாமா?”

செங்கலடியில் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி கொடுத்தார். பழைய போன் ஒன்று, நல்ல விலை. வொலட்டில் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று காட்டியது, பையன் போனோடு போய்விட்டான். தெருமுனைக்குப் போவதற்குள், நான் மேலே சொன்ன அதே கட்டணம் கூட்டும் வழியால், அதே சில்லறையைத் தன் சொந்த முகவரிக்குத் திருப்பிவிட்டான். நல்லதற்குச் செய்த கதவு கள்ளனுக்கும் திறக்கும்.

சின்னத் தொகைக்கு ஓர் உறுதிப்படுத்தலாவது பாருங்கள். பெரிய தொகை என்றால் 6 என்பது வழக்கம், ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். வாடிக்கையாளர் முகம் சுளித்தால் ஒரு கதிரை போடுங்கள்.

“கரண்ட் போய்ட்டு, போனும் செத்துட்டு. அனுப்பினது நிண்டுடுமா?”

நிற்காது. ஒருதடவை கரைக்குப் போன அனுப்புதல் உங்கள் போனில் இல்லை. போனை வாவியில் போட்டாலும் அது ஏறும். பன்னிரண்டு சொல் தாளில் எழுதி வைத்திருந்தால் காசும் வேறு போனில் திரும்ப வரும்.

“எந்த நேரம் அனுப்பினா மலிவு?”

அமெரிக்காவில் கந்தோர் திறக்கும் நேரம் நமக்கு மாலை ஆறரை, ஏழரை. அதிலிருந்து நடுச்சாமம் வரை கரையில் சனம் கூட. நம் காலைப்பொழுது அவர்களுக்கு இரவு. ஞாயிறு காலை பெரும்பாலும் மலிவு. ஆனால் விலை திடீரென்று ஏறி இறங்கும் நாளில் இந்தக் கணக்கு எடுபடாது, அனுப்ப முன் மெம்பூல் ஸ்பேஸைத் திறந்து பாருங்கள், நடப்பு விலை மேலேயே இருக்கும்.

“லைட்னிங் எண்டு ஒண்டு இருக்காமே?”

பிட்கொயினுக்கு மேலே ஓடும் வேறு வழி. சின்னத் தொகை விநாடியில் போய்விடும், கட்டணமும் சொற்பம். உள்ளே வரவும் வெளியே போகவும் பழைய பாதையில்தான் ஏறவேண்டும் என்பதை மறக்கக்கூடாது. இருபது டொலர் கூலி வாங்கும் தம்பிமாருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

“பிரச்சினை வந்தா வங்கியில போய்க் கேக்கலாமா?”

கேட்கலாம், கைவிரிப்பார்கள். இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆண்டுகளில் இதுபற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. இத்தகைய நிறுவனங்களுக்குத் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்றும் அதில் சொன்னது. கடனட்டை, டெபிட் அட்டையால் இவற்றை வாங்க 2021இன் வெளிநாட்டுச் செலாவணிப் பணிப்புரை இடம் கொடுக்கவில்லை. பிழையாகப் போனால் பின்னால் நிற்க ஒருவரும் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் இதில் இறங்கவேண்டும்.

“டிஎக்ஸ் ஐடியைக் கொண்டுவந்தா பார்த்துச் சொல்வீங்களா?”

ஓம். காலை ஒன்பதரைக்குக் கடை திறப்பேன், ஞாயிறு அரைநாள். கோவையைப் பார்த்துச் சொல்லக் காசு எடுப்பதில்லை. பன்னிரண்டு சொல் எழுதிய தாளை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். போன கிழமை ஒருவர் அதை லாமினேட் செய்து கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். நான் அதன் மேல் பத்திரிகையைப் போட்டு மூடிவிட்டுத்தான் அவரோடு கதைக்கத் தொடங்கினேன்.